நரியைப் பரியாக்கிய கணக்கு

2016 பிப்ரவரி 28 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, 2022க்குள் விவசாயியின் வருமானம் இரட்டிப்பாக வேண்டும் என்று கனவு கண்டார். கனவுக்கு வழி சொல்ல அசோக் தல்வாய் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழு 14 தொகுதிகள் எழுதிக் குவித்தது. 2022ஆம் ஆண்டும் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்தது. வருமானம்தான் வரவில்லை. பதிலுக்கு ஒரு புத்தகம் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், வருமானம் பெருகிய 75,000 விவசாயிகளின் வெற்றிக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. அரசின் கணக்குப்படி நாட்டில் விவசாயக் குடும்பங்கள் ஏறத்தாழ 9.3 கோடி. ஆக, 1,240 வீட்டுக்கு ஒரு வீட்டில் வெற்றி. மீதி 1,239 வீடும் அந்தக் கதையைப் படித்து மகிழலாம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அங்கே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவை இங்கேதான் பிறந்தது என்று ஊர் நம்புகிறது. அவர் துறவியாவதற்கு முன்பு பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய கருவூலப் பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். மன்னன் கணக்குக் கேட்டான். பக்தனைக் காப்பாற்ற ஈசன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்து ஒப்படைத்தார். பகலெல்லாம் அவை நல்ல சாதிக் குதிரைகள்தான். இருட்டியதும் லாயத்தில் ஊளை கேட்டது. பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு நரிகள் காட்டுக்கு ஓடிப்போயின.

பாண்டியனிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. லாயத்தில் ஊளை என்று ஆட்கள் வந்து சொன்னதும், அதை ஊளை என்றே ஏற்றுக்கொண்டான். இன்றைக்கு அதே ஊளை கேட்டால், ‘75,001ஆவது குதிரை கனைத்தது’ என்று மறுநாள் காலை செய்திக்குறிப்பு வரும்.

ஆனாலும் ஊளையைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் அரசாங்கத்து ஆட்கள்தான். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 77ஆவது சுற்று, 2018-19ஆம் வேளாண் ஆண்டுக்கு விவசாயக் குடும்பங்களின் வரவைக் கணக்கிட்டது. நாட்டுச் சராசரி மாதம் 10,218 ரூபாய். தமிழ்நாட்டில் 11,924. பரவாயில்லையே என்று சொல்வதற்கு முன் அந்த 10,218ஐப் பிரித்துப் பாருங்கள். கூலியும் சம்பளமுமாக 4,063. பயிரிலிருந்து 3,798. ஆடு மாடு கோழியில் 1,582. மற்றவை சில்லறை.

விவசாயக் குடும்பத்தின் முதல் வருமானம் விவசாயம் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய சுற்றில் மொத்த வருமானத்தில் பயிரின் பங்கு 48 சதவீதம். இந்தச் சுற்றில் 37. இந்த வேகத்தில் போனால் இன்னும் சில சுற்றுகளில் விவசாயி விவசாயத்திலிருந்து முழு விடுதலை அடைந்துவிடுவார். அன்றைக்கு அவர் வருமானம் நிச்சயம் இரட்டிப்பாகியிருக்கும். தல்வாய் குழு 14 தொகுதி எழுதியிருக்கத் தேவையில்லை. ‘பயிர் வைக்காதே’ என்று ஒரு வரி போதும்.

யார் விவசாயக் குடும்பம் என்பதற்கும் அந்தக் கணக்கெடுப்பில் ஓர் அளவுகோல் உண்டு. வீட்டில் ஒருவராவது சொந்தமாக விவசாயத்தில் ஈடுபட வேண்டும். வருடத்துக்கு 4,000 ரூபாய்க்கு மேல் விளைச்சல் மதிப்பு வர வேண்டும். ஆம், வருடத்துக்கு. ஒரு பசுவும் ஒரு முருங்கை மரமும் இருந்தால் தேசத்தின் முதுகெலும்பில் நீங்களும் ஓர் எலும்பு.

கையில் டேப்லட்டோடு ஒரு கணக்கெடுப்பாளர் அடி அண்ணாமலையில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

“குடும்பத் தொழில் என்னம்மா?”

“பயிர் வெக்கறதுதான் தம்பி.”

“வருமானம் எதுல வருது?”

“பெரிய பையன் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான். சின்னவன் பௌர்ணமிக்கு ஆட்டோ ஓட்டுறான். நான் ஏரி வேலைக்குப் போறேன். மருமவ ஆசிரமத்துல பாத்திரம் கழுவுது.”

“அப்ப தொழில் கூலின்னு போட்டுக்கட்டுமா?”

“அதெப்படி? தொழில் பயிர் வெக்கறது. அது செலவு. வருமானம் வேற.”

பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கிய யாரும் இந்தியக் கிராமத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஒரகடத்து ஷிப்ட் சம்பளத்தில் கழனிக்கு உரம் வாங்குகிறார்கள். ஆசிரமத்துப் பாத்திரக் கூலியில் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலை) விதைக்கிறார்கள். அரசு விவசாயிக்கு மானியம் தருகிறது என்பார்கள். விவசாயத்துக்கு உண்மையில் மானியம் தருவது மருமகளின் கை. அந்தக் கூலியையும் சேர்த்துக் கூட்டி, ‘விவசாயக் குடும்ப வருமானம் உயர்ந்தது’ என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்வார்கள்.

பயிர் தந்த 3,798ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 126 ரூபாய் சொச்சம். ஒரு ஆளுக்கு இல்லை, மொத்தக் குடும்பத்துக்கு. அதே 2018-19இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 224 ரூபாய். அரசாங்க ஏரியில் மண் அள்ளினால் 224; சொந்தக் கழனியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் வீட்டுக்கே 126. இதற்கு மேலும் ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி ஒருவர் டீக்கடையில் சலித்துக்கொண்டால், அவரே அவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கடற்கரைக்கும் ஒரு நடை போய் வரலாம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 2023இல் 5,000 ரூபாயிலிருந்து 8,000ஆக உயர்த்தினார்கள். 61ஆல் வகுத்தால் நாளுக்கு 131. கடலுக்குப் போகாமல் கரையில் வலையைப் பின்னிக்கொண்டிருக்கும் மீனவக் குடும்பத்துக்கு 131. சேற்றில் இறங்கி வேலை செய்த விவசாயக் குடும்பத்துக்கு 126. இரண்டு கணக்குகளும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை அல்ல, ஒப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழைத்தாலும் சும்மா இருந்தாலும் ஏழைக் குடும்பத்தின் ஒரு நாள் விலை இவ்வளவுதான் என்று வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு வருடங்களில் எப்படி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதை யாராவது ஆராயலாம். பதினைந்தாவது தொகுதிக்கு நல்ல தலைப்பு.

வரவு இப்படி. கடன் எப்படி என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் 65 சதவீதம் கடனில். சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். சோறு தின்னாமல், துணி உடுத்தாமல், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டாமல் ஒன்பது மாதம் மொத்த வருமானத்தையும் கொடுத்தால் அடைந்துவிடும். கிரிவலம் வரும் சாதுக்களுக்குக்கூட இவ்வளவு கடுந்தவம் விதிக்கப்பட்டதில்லை.

அடி அண்ணாமலைக்குத் திரும்புவோம். பௌர்ணமி ராத்திரி இந்த ஊர் வழியாக லட்சக்கணக்கான கால்கள் நடந்து போகின்றன. 14 கிலோமீட்டர் பாதையில் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள், மலைக்கும் பாதைக்கும் நடுவே இருந்த கழனியைப் பார்ப்பதில்லை. இப்போது பார்க்கவும் முடியாது. பல இடங்களில் அது மனைப்பிரிவாகிவிட்டது. நெல் நின்ற இடத்தில் வெள்ளையடித்த கல் நிற்கிறது. மலை தெரியும் மனைக்கு ஒரு விலை, மலை தெரியாத மனைக்கு ஒரு விலை. அக்கினியே மலையாக நிற்கிறது என்று புராணம் சொல்கிற மலையைச் சதுர அடியில் அளந்து விற்கிறோம். நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டால் ஆயிரம் கமிட்டி. மலையின் முகத்துக்கு விலை வைக்க ஒரு புரோக்கர் போதும்.

விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பொழுதுக்கும் சேற்றில் நின்று சேர்க்க முடியாத பணத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுது கொடுத்தது. அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம், வட்டிக்கடை நகை மீட்பு, ஒரு மாடி. பிறகு அதே கழனி இருந்த இடத்தின் வாசலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி எலுமிச்சைச் சாறு விற்கிறார். 2023 டிசம்பரில் பசும்பாலுக்கு ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய், மேலே 3 ரூபாய் ஊக்கத்தொகை. அப்போது பாட்டில் தண்ணீர் லிட்டர் 20. தண்ணீருக்குத் தீவனம் போட வேண்டாம், சினை ஊசி போட வேண்டாம், கோமாரி வராது. மாட்டை விற்றுவிட்டுத் தண்ணீர் கேஸ் இறக்குகிற குடும்பம் முட்டாள் குடும்பமா என்ன?

பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டிப் போனால் குபேர லிங்கம். வருடத்துக்கு ஒருநாள் குபேரனே வந்து அங்கே பூசை செய்துவிட்டுக் கிரிவலம் போகிறான் என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, அந்த நாளில் நாலு மாநிலத்துக் கூட்டம் முட்டி மோதுகிறது. குபேரன் உண்மையிலேயே நடந்து வந்தால் அடி அண்ணாமலை விவசாயிகளின் வாசலையும் கடந்துதான் ஆக வேண்டும். இதுவரை ஒருமுறைகூட நின்று, ‘மல்லாட்டை இந்த வருஷம் எப்படி?’ என்று கேட்டதாகத் தகவல் இல்லை. தேர்தல் இல்லாத வருடமாக இருந்திருக்கும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். 2021 தேர்தலில் திமுக, நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று வாக்குறுதி தந்தது. அந்த விலை 2025 செப்டம்பரில் வந்தது. அதிலும் பெரும்பகுதி மத்திய அரசு ஆண்டுக்காண்டு ஏற்றிய ஆதரவு விலை. 2021இன் பசிக்கு 2025இல் பந்தி போட்டு, அதே 2021இன் சாப்பாட்டைப் பரிமாறினார்கள். இடையில் டீசல் காத்திருந்ததா, அறுவடை மிஷின் வாடகை காத்திருந்ததா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால் ஈரம் தானே காய்ந்துவிடும் அதிசயத்தை டெல்டா முதல் வடாற்காடு வரை எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். இயற்பியலில் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

முழுச் செலவோடு, சொந்த நிலத்தின் வாடகையும் போட்ட முதலின் வட்டியும் சேர்த்து, அதற்கு மேல் 50 சதவீதம் வைத்து விலை கொடுங்கள் என்பதே விவசாயிகள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையத்தின் பெயரால் கேட்டுக்கொண்டிருப்பது. அரசு கொடுக்கும் கணக்கில் சொந்த நிலத்துக்கு வாடகை இல்லை. நிலம் இலவசம். (அதை அரசு எடுக்கும்போதும் ஏறக்குறைய அதே எண்ணம்தான்.) 2024 பிப்ரவரி 9 அன்று சுவாமிநாதனுக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். நான்கே நாள் கழித்து, பிப்ரவரி 13 அன்று, அவர் பெயரைச் சொல்லி டெல்லிக்குக் கிளம்பிய விவசாயிகள்மீது பஞ்சாப் - ஹரியானா எல்லையான ஷம்புவில் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். முந்தைய ஆண்டுதான் உரம் தெளிக்க மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டம் அறிவித்திருந்தார்கள். ட்ரோன் கடைசியில் விவசாயியின் தலைக்கு மேல் வந்தேவிட்டது. தெளித்த பொருள்தான் மாறிப்போனது.

அப்புறம் 6,000 ரூபாய். 2019 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்னால், பிஎம் கிசான். வருடத்துக்கு மூன்று தவணை, தவணைக்கு 2,000. நாளுக்கு 16 ரூபாய் 44 காசு. ஒரு டீ. வடை சொந்தச் செலவு. இந்தத் திட்டத்தில் 2020இல் தமிழ்நாட்டில் ஒரு மோசடி வெளியே வந்தது. தகுதியே இல்லாத பல லட்சம் பேரைப் பட்டியலில் ஏற்றி 110 கோடி ரூபாய்க்கு மேல் சுருட்டியிருந்தார்கள். சிக்கிய மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. நிலம் இருந்து, ஏர் ஓட்டி, நட்டு, அறுத்தவருக்கு வருமானம் இல்லை. நிலமே இல்லாமல் கம்ப்யூட்டர் சென்டரில் விவசாயியானவர் பணம் எடுத்தார். அந்தக் காலத்தில் செலவே இல்லாமல் லாபம் கண்ட ஒரே சாகுபடி அதுதான்.

சிரித்தது போதும். கூலி என்று ஒரு கட்டம் இருந்ததே, 4,063 ரூபாய், அதற்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்று பார்க்க இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். சாமையும் புளியும் தேனும் கொடுக்கிற மலை. அதில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. கேரளாவுக்கு, கர்நாடகத்துக்கு, காபித் தோட்டத்துக்கு, கட்டட வேலைக்கு இறங்குகிறார்கள். சிலரைப் புரோக்கர்கள் மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லி, அதிரடிப் படை 20 தமிழரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வழியிலேயே பஸ்ஸிலிருந்து பிடித்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பிவந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள்.

செம்மரத்துக்கு வெளிநாட்டில் விலை உண்டு, அதை வெட்டுபவனுக்குக் கூலி உண்டு, வெட்டுபவனின் உயிருக்கு மட்டும் எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. மரத்தை வாங்குபவனும் கப்பலில் ஏற்றுபவனும் ஒருநாளும் காட்டுக்கு வருவதில்லை; ஆகவே அவர்களைக் காட்டில் சுட முடிவதில்லை. கணக்கெடுப்பாளர் அந்த மலைக்குப் போய், ‘குடும்பத்தில் கூலி வேலைக்குப் போகிறவர் யாரம்மா?’ என்று கேட்டால், அந்தப் பெண்கள் எந்தக் காலத்தில் பதில் சொல்வார்கள்? ‘போனார்’ என்றா, ‘போவார்’ என்றா?

நிலத்தை விட்டுவிட்டுப் போனவன் கதை அது. நிலத்தை விடமாட்டேன் என்றவன் கதையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்காகச் செங்கம் பக்கமும் போளூர் பக்கமும் கழனியில் கல் நட்டார்கள். அழுது மறித்தவர்களைப் போலீஸ் இழுத்துப் போட்டது. ஆட்சி அதிமுகவுடையது, திமுக விவசாயிகளின் பக்கம் நின்று பேசியது. பிறகு ஆட்சி மாறியது. 2023இல் செய்யாறு சிப்காட்டின் மூன்றாவது அலகுக்காக மேல்மாவிலும் சுற்றுக் கிராமங்களிலும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கக் கிளம்பினார்கள். முப்போகம் விளைகிற மண், தர மாட்டோம் என்று விவசாயிகள் நூறு நாளைத் தாண்டிப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரில் கைதுகள். ஏழு பேர்மீது குண்டர் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பெயரை ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும், மூச்சு இருந்தால். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், இணையக் குற்றவாளிகள், போதைப்பொருள் விற்போர், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர், திருட்டு வீடியோ எடுப்போர். திருட்டு விசிடிக்காரனைக்கூட ஞாபகமாகச் சேர்த்தவர்கள் விவசாயியை மறந்துவிட்டார்கள். மறந்தால் என்ன, சேர்க்காமலே பயன்படுத்த முடிந்தது. குடிசை நிலத்தை அபகரித்தால் குண்டர் சட்டம். கழனியை எடுத்துக்கொண்டால் தொழில் வளர்ச்சி. எடுக்காதே என்று சொன்னால் மறுபடியும் குண்டர் சட்டம்.

மாநிலமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியபின் ஆறு பேர்மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. ஏழாமவரை அப்போது விடவில்லை. மன்னிப்பிலும் சில்லறை பார்க்கிற அரசு.

பிஎம் கிசான் உதவித்தொகை யாருக்குக் கிடையாது என்று ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குபவர், டாக்டர், வக்கீல், என்ஜினீயர், ஆடிட்டர். வரிக்கு வரி தேடிப் பார்த்தேன், அதில் குண்டர் இல்லை. அதனால் மேல்மா விவசாயி ஜெயிலில் இருந்த நாட்களிலும் அவர் கணக்கில் 2,000 ரூபாய் விழ விதியில் ஒரு தடையும் கிடையாது. குண்டர் என்பதால் விவசாயியின் தகுதி போய்விடாது. பட்டாவில் அவர் பெயர் போய் சிப்காட் பெயர் ஏறுகிற அன்றைக்குத்தான் போகும்.